பாம்பன் கரையில் கிடந்த 1967 டீலக்ஸ் ரிவெர்ப்: எது அசல், எதற்கு விலை

ராமேசுவரம் தீவில், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே ஒரு மீனவர் குடியிருப்பு. அங்கே ஒரு வீட்டில் கட்டிலுக்கடியில் தார்ப்பாய் சுற்றிக் கிடந்தது ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் கிட்டார் ஆம்ப். வால்வு ஆம்ப், 22 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, எடை ஏறக்குறைய 19 கிலோ, கறுப்பு முகப்பு. கோயில் பாடகர் குழுவில் பல வருடம் ஓடி, கீபோர்டு வந்த பிறகு ஓரங்கட்டப்பட்டது. வீட்டுக்கார அம்மா அதை விற்க நினைத்தார். அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான். எவ்வளவு போகும், விற்குமுன் என்ன வேலை பார்க்க வேண்டும்.

இரண்டாவதற்கு உள்ளூர் மைக் செட் மெக்கானிக் ஏற்கெனவே ஒரு திட்டம் கொடுத்திருந்தார். கண்டென்சர் அத்தனையும் மாற்றுவது, துருப்பிடித்த சேஸிஸுக்கு சில்வர் பெயின்ட், பெட்டிக்குப் புது ரெக்சின், கிழிந்த ஸ்பீக்கருக்குப் பதில் புது ஸ்பீக்கர். "புதுசு மாதிரி ஆக்கித் தந்துடுறேன்க்கா" என்றாராம். வாடகைக்குப் போகிற மைக் செட்டாக இருந்தால் அந்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. திருவிழாவில் நடுராத்திரி நின்றுபோகாத ஆம்ப்தான் அந்தத் தொழிலில் நல்ல ஆம்ப். சேகரிப்பவர் வாங்கப்போகும் ஆம்ப்பில் அதே வேலை விலையை அரைப் பங்குக்கும் கீழே தள்ளிவிடும். ஏன் என்பது கணக்கில் வரும்.

வீட்டுக் கதையும் முத்திரை எண்களும்

"தனுஷ்கோடி அழியறதுக்கு முந்தியே தாத்தா சிலோன்ல இருந்து கப்பல்ல கொண்டாந்தது" என்பது வீட்டில் வழிவழியாக வந்த பேச்சு. புயல் 1964 டிசம்பரில். அப்படியானால் ஆம்ப் 1964-க்குள் செய்யப்பட்டிருக்க வேண்டும். இந்தத் தேதியில் காசு இருக்கிறது. 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனம் சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒளிபரப்புக் கம்பெனி கைக்குப் போனது. அதற்கு முந்தைய ஆம்ப்புக்குச் சந்தையில் எப்போதும் கூடுதல் விலை. டீலக்ஸ் ரிவெர்ப் 1963-லேயே வந்துவிட்டதால் கதை நடக்காத கதையும் அல்ல. அதனால் எடுத்த எடுப்பில் தள்ளாமல் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது.

முகப்புத் தகட்டில் மாடல் பெயருக்கு அருகே சிறிய எழுத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். சி.பி.எஸ்.ஸுக்கு முன் "ஃபெண்டர் எலெக்ட். இன்ஸ்ட். கோ.", 1965-இலிருந்து "ஃபெண்டர் மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்". இங்கே இருந்தது இரண்டாவது. தகடு மாறியிருக்கலாமே என்று வாதிடலாம். அதனால் உள்ளே.

சேஸிஸை வெளியே எடுத்ததும் கண்ணில் பட வேண்டியவை குமிழ்களுக்குப் பின்னால் உள்ள கன்ட்ரோல்கள். முகப்பில் ஒன்பது. ஒவ்வொன்றின் முதுகிலும் 137 என்று தொடங்கும் எண். 137 என்றால் சி.டி.எஸ். கம்பெனி, அடுத்த இரண்டு இலக்கம் வருடம், கடைசி இரண்டு வாரம். ஒன்பதிலும் 66 என்றே இருந்தது. இதை மட்டும் வைத்து 1966 ஆம்ப் என்று எழுதினால் தப்பு. ஃபெண்டர் 1966-இல் கன்ட்ரோல்களை மொத்தமாக வாங்கிக் குவித்து அடுத்த சில வருடங்களுக்கும் அதையே போட்டது. கன்ட்ரோல் எண் சொல்வது "இதற்கு முன் இல்லை" என்பதை மட்டும்.

அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் 606-711. 606 என்பது ஷூமாக்கர் கம்பெனி, 7 வருடத்தின் கடைசி இலக்கம், 11 வாரம். ஸ்பீக்கர் ஆக்ஸ்ஃபர்டு 12கே5-6, அதன் சட்டத்தில் 465-709. 465 ஆக்ஸ்ஃபர்டின் எண். ஒற்றை இலக்கத்தில் வருடம் போட்டால் 57-ஆ, 67-ஆ, 77-ஆ என்ற கேள்வி வரும். 57-இல் இந்த மாடலே கிடையாது, 77-இல் முகப்பு வெள்ளி நிறம். ஆக 67. பெட்டியின் உள்பக்கம் ஒட்டிய வால்வு அட்டையிலும் ஒரு முத்திரை உண்டு, இரண்டு ஆங்கில எழுத்து. முதல் எழுத்து வருடம், 1951-க்கு ஏ என்று தொடங்கும் வரிசை. இரண்டாவது மாதம். இந்த அட்டையை ராமபாணப் பூச்சி பாதி தின்றிருந்தது. மிஞ்சியது க்யூ. பதினேழாவது எழுத்து, 1967.

நாலு சாட்சியும் ஒரே பக்கம் நிற்கிறது. தனுஷ்கோடி துறை அழிந்த பிறகும் ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு 1980-களின் முற்பகுதி வரை கப்பல் ஓடியது. தாத்தா கப்பலில் கொண்டுவந்தது உண்மையாகவே இருக்கலாம், வருடம்தான் பிசகியிருக்கிறது. விற்பனைக் குறிப்பில் இந்தக் கதையைச் சேர்க்கவில்லை. காகிதம் இல்லாத பூர்வீகத்துக்கு யாரும் காசு தருவதில்லை. எண்ணோடு முட்டுகிற பூர்வீகம் மற்ற எல்லாவற்றின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிரான்ஸ்பார்மர் மூடியில் உள்ள எண் மையால் குத்தியது. கடற்கரையில் அதன் மேல் ஒரு பழுப்புப் பொடி படிந்திருக்கும். துணியில் ஸ்பிரிட்டோ மண்ணெண்ணெயோ தொட்டுத் துடைத்தால் பொடியோடு எண்ணும் போய்விடும், சாட்சியும் போய்விடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து முதலில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு உலர்ந்த மெல்லிய பிரஷ்.

பவர் டிரான்ஸ்பார்மர்

வழக்கின் கனமான பகுதி இதுதான். அமெரிக்காவில் விற்க 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்த ஆம்ப் இது. நம் ஊர் 230, 50. மின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் வைத்து ஓட்டினாலே டிரான்ஸ்பார்மர் அங்கே ஓடுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுடும், ஹெர்ட்ஸ் குறைந்தால் இரும்புக் கருவில் காந்தப்பாயம் ஏறும் என்பதால். ஸ்டெப் டவுன் இல்லாமல் யாரோ ஒருமுறை நேரே சொருகிவிட்டால் சுற்று கருகிவிடும். பழைய அமெரிக்க ஆம்ப்புகள் இந்தியாவில் சாகிற சாவு பெரும்பாலும் இதுதான்.

இங்கும் அதுவே நடந்திருக்கிறது. மூடியில் 606 எண் பத்திரமாக இருந்தது, உள்ளே சுற்று வேறு. அடையாளங்கள்: வெளியே வரும் ஒயர்கள் பிளாஸ்டிக் உறை (அசலில் நூல் உறை), மூடியின் நாலு போல்ட்டிலும் ஸ்பேனர் பட்ட கீறல், தகடுகளின் இடுக்கில் புது வார்னிஷ், ப்யூஸ் முனையில் பளபளக்கும் ஈயம். ஐம்பது வருட ஈயம் மங்கிச் சாம்பல் நிறத்தில் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்து "அசல் டிரான்ஸ்பார்மர்" என்று எழுதுபவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இது.

யாரோ 230 வோல்ட்டுக்கு ரீவைண்ட் செய்திருக்கிறார். கைவேலை சுத்தம். ஆனால் ஒரு சுற்று இல்லை: ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வு ஜிஇசட்34-க்கான 5 வோல்ட் சுற்று. விட்டுப்போனதற்குக் காரணம் இருக்கிறது. அதே கருவில், அதே காந்தப்பாயத்தில் 50 ஹெர்ட்ஸுக்குச் சுற்றினால் சுற்றுகளின் எண்ணிக்கை 20 சதவீதம் கூடும். கருவில் கம்பி சுற்றும் இடைவெளியான ஜன்னலில் இடம் போதவில்லை. 1.9 ஆம்பியர் தாங்கவேண்டிய தடித்த 5 வோல்ட் கம்பிக்கு இடமே இல்லாமல் போயிருக்கும். ஆகவே வால்வைத் தூக்கிவிட்டு அதன் பேஸிலேயே 1என்4007 டயோடு இரண்டைப் பற்றவைத்துவிட்டார்கள்.

அதனால் வந்த வினை இப்படி. உயர் அழுத்தச் சுற்று 330-0-330 வோல்ட். ஜிஇசட்34 இருந்தால் வால்வில் கொஞ்சம் விழுந்து 415 வோல்ட் அளவில் நிற்கும், அதுவும் மெல்ல ஏறும். டயோடு அப்படியல்ல. ஸ்விட்ச் போட்ட கணமே, மற்ற வால்வுகள் சூடேறி மின்னோட்டம் இழுக்கும் முன்பே, முழு உச்சமும் வந்துவிடும்: 330-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 467. டி.சி.யைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்களின் தாங்குதிறன் 450. இரவு பத்து மணிக்கு மேல் லோடு குறைந்து வீட்டு மின்சாரம் 250-க்குப் போனால் உச்சம் 507. டயோடு தாங்கவேண்டிய எதிர் அழுத்தம் அதைப்போல் இரண்டு மடங்கு, 1,014 வோல்ட். 1என்4007-இன் எல்லை 1,000. ஐந்து ஃபில்டர் கண்டென்சரில் இரண்டு ஏற்கெனவே மாற்றப்பட்டு, மாற்றியவையும் தலை உப்பிக் கிடந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

முன்னே மூன்று வழி இருந்தது. அப்படியே விட்டு விற்பது: வாங்குகிறவர் ஸ்விட்ச் போட்டதும் ஏதாவது வெடித்தால் பொறுப்பு விற்றவர் தலையில். அதே கருவில் மறுபடி ரீவைண்ட்: ஜன்னல் இடம் என்ற பழைய சிக்கல் அப்படியே நிற்கிறது, பற்றாக்குறைக்கு மெல்லிய கம்பி போட்டால் சூடு. மூன்றாவது, இதே மாடலுக்கென்று இப்போதும் தயாராகும், 120-க்கும் 240-க்கும் ஏற்ற, 50 ஹெர்ட்ஸ் தாங்கும் மாற்று டிரான்ஸ்பார்மர். அதே நாலு போல்ட் ஓட்டையில் உட்காரும், சேஸிஸில் புதிதாகத் துளை போட வேண்டாம். மூன்றாவதைத் தேர்ந்தோம். அசல் சுற்று எப்போதோ போய்விட்டது, இழப்பதற்கு இனி அதில் ஒன்றுமில்லை. 606 எண்ணுள்ள கருவையும் மூடியையும் மட்டும் பத்திரப்படுத்தினால் போதும். இரண்டு அழுத்தத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் வாங்குகிறவர் எந்த நாட்டில் இருந்தாலும் கவலையில்லை. விலை பேசும்போது இது சின்ன விஷயம் இல்லை.

அசல் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் பிழைத்திருந்தது பெரிய நல்லகாலம். நாதம் அதன் வழியாகத்தான் வருகிறது. சேகரிப்பவர்கள் பவர் டிரான்ஸ்பார்மர் மாறியதைப் பொறுத்துக்கொள்வார்கள், அவுட்புட் மாறியதை எளிதில் பொறுக்க மாட்டார்கள். ரிவெர்ப் டிரான்ஸ்பார்மரும், ஃபில்டர் பகுதியில் இருக்கும் சோக் என்ற சுருளும்கூட அசல்.

உப்பும் ஈரமும்

வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் கிடக்கிற தீவில் ஆம்ப்புக்கு இரண்டு பக்கமும் உப்புக்காற்று. துருதான் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். விலையைக் கெடுப்பதும் வேலையைக் கெடுப்பதும் கண்ணுக்குத் தெரியாத ஈரம்.

அந்தக்கால ஃபெண்டரில் உதிரிகள் எல்லாம் கறுப்பு ஃபைபர் பலகையில் பித்தளைக் கண்கள் வழியே பற்றவைத்திருக்கும். பலகை காகித நாரில் செய்து மெழுகில் தோய்த்தது. மெழுகு வருடக்கணக்கில் வெளியேறிவிடும், பலகை ஈரம் குடிக்கும், ஈரம் குடித்த பலகை மெல்ல மின்சாரம் கடத்தத் தொடங்கும். 400 வோல்ட் கண்ணிலிருந்து பக்கத்துக் கண்ணுக்குச் சில வோல்ட் கசிந்து, வால்வுக்குள் சிக்னல் நுழையும் முனையான கிரிட்டில் ஏறினால் கரகரப்பு, பொரிகிற சத்தம், கன்ட்ரோலைத் திருப்பினால் அரைக்கிற சத்தம். மெக்கானிக் கண்டென்சரைச் சந்தேகிப்பார், மாற்றுவார். சத்தம் போகாது. அடுத்ததையும் மாற்றுவார். நல்ல நீல மல்லோரி கண்டென்சர்கள் குப்பைக்குப் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

சோதனை எளிது, ஆனால் ஆம்ப் ஓடும்போது செய்வது. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பழகாதவர் கைவைக்கக்கூடாது. மீட்டரின் கறுப்பு முனையைச் சேஸிஸில் கவ்வவிட்டு, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சிவப்பு முனையைக் கண்ணில் அல்ல, கண்களுக்கு நடுவே வெறும் பலகையில் வைக்க வேண்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. இந்த ஆம்ப்பில், அவுட்புட் வால்வுகளுக்குச் சிக்னலை இரண்டாகப் பிரித்துத் தரும் ஃபேஸ் இன்வர்ட்டர் அருகே 7 வோல்ட் காட்டியது. மின்சாரத்தைத் துண்டித்து, ஃபில்டர் கண்டென்சர்களை 22 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டன்ஸ் வழியாக வடித்துவிட்டு, தலைமுடி உலர்த்தும் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து மிதமான சூட்டில் அரைமணி காட்ட வேண்டும். மெழுகு உருகி மினுங்கினால் சூடு அதிகம், நிறுத்திவிட வேண்டும். ஆறவிட்டு மறுபடியும் அரைமணி. இரண்டாவது சுற்றுக்குப் பிறகு 0.4 வோல்ட். எந்த உதிரியும் மாறவில்லை, கரகரப்பில் முக்கால்வாசி போய்விட்டது.

இந்த வேலையை ஐப்பசி கார்த்திகையில் செய்தால் வீண். வாடைக்காற்றில் பலகை திரும்பவும் ஈரம் குடித்துவிடும். வெயில் காலத்தில் செய்து, உடனே சிலிகா ஜெல் பைகளோடு பெட்டியை மூட வேண்டும்.

மீதிக் கரகரப்பு இரண்டு 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டன்ஸில். கார்பன் கட்டி வகை ஈரத்தில் மதிப்பு ஏறும். ஒன்று 128, இன்னொன்று 131 காட்டியது. ஏறியது மட்டும் காரணமென்றால் மாற்ற வேண்டியதில்லை, ஏறியும் சத்தம் போட்டும் இருந்ததால் மாற்றப்பட்டது. 110, 115 காட்டிய மற்றவை அப்படியே விடப்பட்டன.

நீலக் கண்டென்சர்களைக் கழற்றாமலே சோதிக்கலாம். அடுத்த வால்வின் கிரிட் முனையில் டி.சி. அழுத்தம் பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எல்லாமே நன்றாக இருந்தன. துரு ஏறிய தகடுகளில் தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணி, ஜாக்குகளில் ஐசோபுரோபைல் ஆல்கஹால். மண்ணெண்ணெய் கூடவே கூடாது. மெழுகைக் கரைக்கும், எண்ணெய்ப் படலத்தை விட்டுவைக்கும், அதில் உப்புத்தூசி வந்து ஒட்டும்.

ஸ்பீக்கரும் பெட்டியும்

ஸ்பீக்கரின் கோனில் விரல் நீளக் கிழிசல் இரண்டு. ஒன்றில் யாரோ துணி வைத்து ஒட்டியிருந்தார்கள். கோனை இரண்டு பக்கமும் சமமாக விரல் நுனியால் அழுத்தினால் உரசல் கேட்கவில்லை, காயில் நடுவிலேயே ஓடுகிறது. அப்படியிருக்க ரீகோன் செய்வது, அதாவது கோனையே மாற்றுவது, தன் கையாலேயே விலையைக் குறைப்பது. மெல்லிய டிஷ்யூ காகிதமும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடுக்கு. துணி ஒட்டியதைப் பிய்க்கவில்லை, பிய்த்தால் கோனும் கூடவே வரும்.

பெட்டி பைன் மரம். பிசகில்லை, கரையானும் தொடவில்லை. ஸ்பீக்கர் பலகை மரத்தூள் பலகை என்பதால் கீழ் விளிம்பு ஈரத்தில் உப்பியிருந்தது. அடிப்பக்க ரெக்சின் உரிந்து தொங்கியது. ரப்பர் பசை தடவித் திரும்ப ஒட்டியதோடு சரி. கீழ்ப் பின்பலகை அசல் இல்லை, வள்ளம் கட்டுகிற மரைன் பிளையில் அளவெடுத்து அறுத்தது. பலகையாகப் பார்த்தால் அசலைவிட உசத்திதான், சேகரிப்பவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஸ்பிரிங் வழியாக எதிரொலி தரும் ரிவெர்ப் டேங்க் தன் பைக்குள்ளேயே இருந்ததால் ஸ்பிரிங் இரண்டும் பிழைத்தன.

செய்த வேலை, செய்த வரிசை

படம் முதலில். ஸ்க்ரூ ஒன்றையும் தொடுமுன் வெளியே எட்டுப் பக்கம், பிறகு உள்ளே பலகையை நாலு பகுதியாக, ஒவ்வொரு எண்ணும் தனியாக. ஈயக்கோல் பட்டபின் எடுக்கிற படம் சாட்சி ஆகாது.

அடுத்தது பாதுகாப்பு. இரண்டு கம்பிக் கார்டை எடுத்துவிட்டு மூன்று கம்பி, எர்த் நேரே சேஸிஸில். எர்த் ஸ்விட்சில் இருந்த 0.047 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரைக் கழற்றியாயிற்று. 230 வோல்ட்டில் அதன் வழியே சேஸிஸுக்கு 3.4 மில்லி ஆம்பியர் வரும். சேஸிஸ் என்றால் கிட்டார் கம்பியும் சேர்த்து. ஈரத்தரையில் வெறுங்காலோடு பாடுகிறவர் உதடு மைக்கில் பட்டால் சுண்டும். கண்டென்சர் பழசாகி ஷார்ட் ஆனால் சுண்டுவதோடு நிற்காது. இந்த இரண்டு மாற்றத்துக்கும் எந்த நாட்டுச் சேகரிப்பாளரும் விலை குறைப்பதில்லை.

ஃபில்டர் கண்டென்சர் ஐந்தும் புதிது, 22 மைக்ரோ ஃபாரட், 500 வோல்ட். முதல் இரண்டு இணையாக இருப்பதால் 44 ஆகிறது. ஜிஇசட்34-க்கு எல்லை 60, அதனால் அதற்கு மேல் ஆசைப்படக்கூடாது. அவுட்புட் வால்வுகளின் மின்னோட்டத்தை அளவில் நிறுத்தும் பயாஸ் அழுத்தத்துக்கான கண்டென்சரும் புதிது. ஃபில்டர் கண்டென்சர் டயர் மாதிரி, தேய்ந்தால் மாற்றுவது. அசல் இல்லை என்று யாரும் முகம் சுளிப்பதில்லை.

வால்வு மொத்தம் ஒன்பது. ஜிஇசட்34 இல்லை, அவுட்புட் வால்வான 6வி6 இரண்டும் வெவ்வேறு கம்பெனி, சிறிய வால்வு ஆறில் இரண்டு ஆர்.சி.ஏ., மற்றவை பெங்களூரு பி.இ.எல். தயாரிப்பு. பி.இ.எல். வால்வுகள் நன்றாகவே ஓடின, எடுக்கவில்லை. ஜிஇசட்34 ஒன்றும் பொருந்திய 6வி6 ஜோடி ஒன்றும் புதிதாக.

பிறகு சீரிஸ் லேம்ப்: 60 வாட் குண்டு பல்பு தொடரில், ரெக்டிஃபையர் இல்லாமல் முதலில். பல்பு ஒருகணம் எரிந்து மங்கினால் டிரான்ஸ்பார்மர் சரி. அடுத்து ஸ்பீக்கரைச் சொருகி (ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அந்த அருமையான அவுட்புட் டிரான்ஸ்பார்மர் காலி), வால்வுகளைப் போட்டு, மின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட்டில் மெல்ல ஏற்றி 230 வரை. 6வி6 பிளேட்டில் 417 வோல்ட். பயாஸ் கன்ட்ரோலைத் திருப்பி வால்வுக்கு 23 மில்லி ஆம்பியரில் நிறுத்தப்பட்டது, ஏறக்குறைய 9.6 வாட். அளக்க 1 ஓம் ரெசிஸ்டன்ஸ் பற்றவைக்கவில்லை. வால்வுக்கும் பேஸுக்கும் நடுவே சொருகும் அடாப்டர் போதும், ஈயம் படாது.

கழற்றிய ஒவ்வொன்றும் ஒரு ஜிப் பையில்: டயோடுகள், உப்பிய கண்டென்சர்கள், மூன்று அசல் ஃபில்டர் கண்டென்சர், ரெசிஸ்டன்ஸ் இரண்டு, எர்த் கண்டென்சர், பழைய 6வி6, இரண்டு கம்பிக் கார்டு. ஒவ்வொன்றிலும் எந்த இடத்திலிருந்து வந்தது என்ற சீட்டு. டிரான்ஸ்பார்மர் தனிப் பொட்டலம். கெட்டுப்போன கண்டென்சருக்கு மின்வேலையில் மதிப்பு ஏதுமில்லை, விற்பனையில் உண்டு. எது எப்போது மாறியது என்று வாங்குகிறவர் தன் கையாலேயே சரிபார்க்கலாம்.

கணக்கு

டாலர் ஏறும் இறங்கும். ஆகையால் ரூபாயில் சொல்லாமல், இதே வருடத்து டீலக்ஸ் ரிவெர்ப் எல்லாம் அசலாக, சுத்தமாக, ஓடுகிற நிலையில் இருந்தால் 100 என்று வைத்துக்கொண்டு கழித்தோம். பவர் டிரான்ஸ்பார்மர் அசல் இல்லாததற்கு 10. ரெக்சின், துரு, உப்பிய பலகை சேர்த்து 10. ஒட்டுப்போட்ட கோனுக்கு 4, வால்வுகளுக்கு 4, பின்பலகைக்கு 3. கால் ஸ்விட்ச் இல்லாதது, பூச்சி தின்ற அட்டை, மாறிய ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொன்றுக்கும் 1. ஆக 34 போய் 66. இவை எங்கள் மதிப்பீடு, வேறு கை ஓரிரண்டு புள்ளி முன்பின் போடலாம்.

முதலில் சொன்ன முழு ஓவர்ஹால் நடந்திருந்தால்? ஸ்பீக்கர் மாறியதற்கு இன்னும் 11, ரெக்சின் உரித்துப் புதிது போட்டதற்கு இன்னும் 15, பெயின்டுக்கு 5, நீலக் கண்டென்சர்களுக்கு 8. 66 இறங்கி 27-இல் வந்து நிற்கும். பார்வைக்குப் புதிது, விலையில் கிட்டத்தட்ட உதிரிபாகம். அதற்குச் செலவான பணம் வேறு.

எதிர்த்திசையிலும் ஒரு யோசனை வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். சி.பி.எஸ்.ஸுக்கு முந்தைய எழுத்துள்ள நகல் முகப்புத் தகடு விலைக்குக் கிடைக்கிறது, மாட்டினால் கதையும் பொருந்திவிடுமே என்று ஒருவர். அது ஏமாற்று. வாங்குகிறவர் கேட்கும் முதல் படமே டிரான்ஸ்பார்மர் எண்ணாக இருக்கும், அங்கேயே உடையும். வெள்ளி முகப்பைக் கழற்றிக் கறுப்பு மாட்டி விற்கிற வேலையும் இதே வகைதான். 1968-இன் ஆரம்ப வெள்ளி முகப்பிலும் உள்ளே இதே ஏபி763 சர்க்யூட்தான், நாதத்தில் பெரிய வித்தியாசமில்லை, விலையில் இருக்கிறது. 1993-இலிருந்து வரும் மறுவெளியீட்டை யாராவது பழசென்று நீட்டினால் பின்பக்கம் திறந்து பார்த்தால் போதும், உள்ளே ஃபைபர் பலகை இருக்காது, அச்சிட்ட போர்டு இருக்கும்.

விற்பனைக் குறிப்பு

கடைசியில் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

"1967 டீலக்ஸ் ரிவெர்ப், கறுப்பு முகப்பு. அவுட்புட், ரிவெர்ப் டிரான்ஸ்பார்மர்கள், சோக், ஒன்பது கன்ட்ரோல், நீலக் கண்டென்சர்கள், ஸ்பீக்கர், ரிவெர்ப் டேங்க், பெட்டி, ரெக்சின், முகப்பு அசல். பவர் டிரான்ஸ்பார்மர் மாற்றியது, இப்போது 240-இல். அசல் கரு 230-க்கு முன்னரே ரீவைண்ட் ஆனது, கூடவே தரப்படும். ஃபில்டர், பயாஸ் கண்டென்சர்கள், பிளேட் ரெசிஸ்டன்ஸ் இரண்டு, கார்டு, 6வி6 ஜோடி, ஜிஇசட்34 புதியவை. கோனில் ஒட்டு இரண்டு. கீழ்ப் பின்பலகை அசல் அல்ல. கால் ஸ்விட்ச் இல்லை. கடற்கரை வீட்டில் இருந்தது, துரு படங்களில் தெரியும். தயாரித்த மாதம் தெரியவில்லை."

துருவை நாமே முதலில் சொல்லிவிட்டால் அது பேரத்தில் ஆயுதமாகாது. வாங்கியவர் பெங்களூருக்காரர். அவர் பேசிக் குறைத்தது பின்பலகைக்கு மட்டும், 66 என்று வைத்தது 63-இல் முடிந்தது.

அனுப்பும்போது ஒன்பது வால்வையும் கழற்றி, எந்த பேஸ் என்று எழுதி, தனி அட்டைப்பெட்டியில் வைத்தோம். ஸ்பீக்கரைக் கழற்றவில்லை, கோனுக்கும் பின்பலகைக்கும் நடுவே தெர்மோகோல் துண்டு, கோனைத் தொடாமல். பழைய டிரான்ஸ்பார்மர் ஆம்ப் பெட்டிக்குள் போகக்கூடாது, வழியில் உருண்டால் ஸ்பீக்கரைக் கிழித்துவிடும். சிலிகா ஜெல் பைகள் சேஸிஸ் பக்கம், ஜிப் பை கீழ்ப் பலகையில் டேப் போட்டு. பெட்டியின் மேல் முகப்பு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி. லாரி ஆபீசில் ஆம்ப்பை முகம் குப்புறப் போட்டால் முதலில் உடைவது கன்ட்ரோல் தண்டுகள்தான்.